வெளியேறாத மூச்சு

மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்த கடைசி ஆண்டுகளில் நான் தூத்துக்குடியில் சிறுவனாக இருந்தேன். 1955 முதல் 1961 வரை அரசாங்கத்தின் மேற்பார்வையில் அந்தச் சலாபங்கள் நடந்தன. அதற்குப் பின் கடலடிப் பாறைத்திட்டுகளான பார்களில் சிப்பி போதிய அளவு விளையாமற் போனதால், கொற்கைப் பாண்டியர் காலம் முதல் இந்தக் கரைக்குப் புகழ் தேடிக் கொடுத்த அந்தத் தொழில் நின்றேபோயிற்று. மூச்சை அடக்கிப் பிழைப்பு நடத்தும் மனிதர்கள் நிறைந்த ஊரில், மூச்சுக்காக இரவெல்லாம் போராடும் பிள்ளையாக வளர்ந்தவன் நான். ஆகையால், என் வியாதியைப் பற்றிய முதற் பாடம் வைத்தியசாலையிலிருந்து வராமல் கடற்கரையிலிருந்து வந்ததில் எனக்கு வியப்பொன்றுமில்லை.

எங்கள் வீட்டில் அதை இழுப்பு என்பார்கள். சித்த வைத்தியர் இரைப்பிருமல் என்பார். மருந்துக்கடைக் கம்பவுண்டர்தான் ஆஸ்துமா என்று முதலில் சொன்னவர். ஆனி, ஆடி மாதங்களில், மேற்கேயிருந்து வறண்ட தேரிமண்ணையும் கரிசல் தூசியையும் அள்ளிக்கொண்டு கச்சான் காற்று வீசும்போது ஒரு முறையும், ஐப்பசி மழையில் சுவர்கள் ஊறிப் பூஞ்சை படியும்போது மற்றொரு முறையும் அது என்னைத் தேடி வரும். வரும் நேரம் பெரும்பாலும் பின்னிரவு. ஊர் முழுவதும் உறங்கும் அந்த வேளையில், பாயில் எழுந்து உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்களை உயர்த்தி, கழுத்து நரம்புகள் புடைக்க நான் மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன். அம்மா முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள். சலாப காலமானால், அதே நேரத்தில்தான் தரைக்காற்றைப் பிடித்துப் பாய் விரித்துத் தோணிகள் பார்களை நோக்கிப் புறப்படும். விடியும்போது அவை பார்மீது நிற்க வேண்டும், பிற்பகலில் கடற்காற்றோடு கரை திரும்ப வேண்டும். தெருவில் முத்துக் குளிப்பவர்கள் பேசிக்கொண்டு போகும் சப்தம் எனக்குக் கேட்கும். பின்னிரவில்தான் சரீரத்தில் சுரக்கும் சில இயற்கை மருந்துகள், முக்கியமாகச் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் சுரப்புகள், மிகக் குறைந்திருக்கும் என்பதும், ஆரோக்கியமானவருக்குங்கூட அந்த நேரத்தில் சுவாசக் குழாய்கள் சற்றே சுருங்கும் என்பதும், ஆஸ்துமாக்காரருக்கு அந்தச் சிறு சுருக்கமே பெருந்துன்பமாக விரியும் என்பதும் பல ஆண்டுகள் கழித்து நான் படித்தறிந்தவை.

என் தகப்பனார் பழைய துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதினார். அந்நாளில் பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாது. ஆழமில்லாத கடல் ஆகையால், பல மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குச் சரக்கைத் தோணிகளில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். கொழும்புக்குப் போகும் கருப்பட்டியும் வெங்காயமும் ஒரு பக்கம் குவிந்திருக்க, மறுபக்கம் ஐரோப்பாவுக்குப் போகும் நிலாவரை இலை மூட்டை மூட்டையாகக் கிடக்கும். எங்கள் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைந்து, திருநெல்வேலியின் பெயரால் உலகமெங்கும் மலமிளக்கி மருந்தாக அறியப்பட்ட இலை அது. உலர்ந்த இலையைத் தட்டிப் புடைத்துத் தரம் பிரிக்கும் பெண்களைச் சுற்றி வெளிர்பச்சை நிறத் தூசி வெயிலில் மிதந்துகொண்டிருக்கும். அப்பாவுக்குச் சோற்று வாளி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கே சிறிது நேரம் நின்றால் போதும், மூக்கில் நீர் ஒழுகி, அடுக்குத் தும்மல் வந்து, அன்றிரவே நெஞ்சில் பூனை கத்தத் தொடங்கிவிடும். 'கிட்டங்கிக் காத்து இவனுக்கு ஒத்துக்கல' என்று அம்மா சொல்வதைப் பலர் தாயின் அதீதக் கவலை என்றே எண்ணினார்கள். ஆனால் பிற்காலத்தில், மேலைநாட்டு மருந்துத் தொழிற்சாலைகளில் இதே இலையின் பொடியைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா உண்டானதை வைத்தியர்கள் ஆராய்ந்து பதிவு செய்தார்கள். எழுத்தறியாத என் தாய் தன் பிள்ளையின் மூச்சைக் கவனித்தே கண்டுகொண்ட உண்மை அது.

அம்மாவின் தம்பி பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் நன்றாக இருப்பவர், திங்கட்கிழமை ஆலைக்குப் போய்வந்ததும் நெஞ்சை யாரோ கயிற்றால் கட்டியதுபோல் இருக்கிறதென்று திண்ணையில் சாய்ந்துவிடுவார்; செவ்வாய், புதன் என்று நாள் செல்லச் செல்ல அது தளரும்; மறு திங்களில் மீண்டும் வரும். அது ஆஸ்துமா அன்று. பைசினோசிஸ் என்று வைத்திய சாஸ்திரம் தனியாகப் பெயரிட்டிருக்கும், பஞ்சுத் தூசியால் வரும் நோய். வார விடுமுறைக்குப் பின் முதல் நாளில் வருத்துவதே அதன் பிரத்தியேக லட்சணம். ஆனால் மாமாவும் நானும் ஒரே திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்த மாலைகளில் இந்தப் பேதமெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

ஆச்சிக்கும் இதே வியாதி இருந்தது. இது குடும்பவழியாக வரக்கூடியது என்பதற்கு எங்கள் வீடே போதிய சாட்சி. ஆச்சி வேலியோரத்து ஊமத்தை இலையைப் பறித்து நிழலில் உலர்த்தி வைத்திருப்பாள். இழுப்புக் கடுமையாகும்போது ஒரு சட்டித் தணலில் அதைத் தூவி, எழும் புகையை முக்காட்டுக்குள் பிடித்து முகர்வாள். சிறிது நேரத்தில் இரைப்புத் தணியும். ஆனால் நா உலர்ந்து, கண்மணி விரிந்து, சில வேளை சம்பந்தமில்லாத பேச்சும் வரும். அதனால் என்னை மட்டும் அந்தச் சட்டியின் அருகே அவள் அண்டவிட்டதேயில்லை. இந்தப் புகையின் சரித்திரம் விசித்திரமானது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், நம் நாட்டார் ஊமத்தையைப் புகைத்து இழுப்பைத் தணித்துக்கொள்வதை அறிந்து, ஜெனரல் ஜென்ட் என்னும் படை அதிகாரிக்குச் சொல்ல, அவர் 1802ஆம் ஆண்டில் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோய் எடின்பரோவில் சிம்ஸ் என்ற வைத்தியரிடம் சேர்ப்பித்தார். அதிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஊமத்தை இனச் செடிகளின் இலையாலான ஆஸ்துமாச் சிகரெட்டுகள் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் விற்பனையாயின. அந்த இலையிலுள்ள அட்ரோபீன் முதலிய சத்துகள், மூளையிலிருந்து வேகஸ் நரம்பின் வழியே நுரையீரலுக்கு வரும் சுருங்கச் சொல்லும் கட்டளையைத் தடுத்து, குழாயின் தசையைத் தளரச் செய்கின்றன. இன்று வைத்தியசாலையில் மூச்சோடு உள்ளிழுக்கக் கொடுக்கும் இப்ராட்ரோப்பியம், நஞ்சின் வேகம் குறைக்கப்பட்டு அந்த வம்சத்தில் வந்த மருந்துதான். ஊமத்தை கொடிய விஷம். அளவு சற்றே மிஞ்சினாலும் புத்தி பேதலிக்கும், உயிருக்கும் ஆபத்து. ஆகையால் ஒருவரும் அதைத் தேடிப் போகலாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆச்சி எனக்குக் கொடுத்தது ஆடாதோடைக் கஷாயந்தான். அந்தச் செடியின் வாசிசின் என்னும் சத்தை முன்மாதிரியாகக் கொண்டே, சளியை இளக்கும் பிரோம்ஹெக்ஸின் என்ற மருந்தைப் பின்னாளில் ரசாயன வல்லுநர்கள் உருவாக்கினார்கள்.

எங்கள் தெருக்கோடியில் ஒருவர் குடியிருந்தார். சலாபக் காலத்தில் முத்துக் குளிப்பார். மற்றப் பருவத்தில் சங்கு குளிப்பார். அவரையும் நான் மாமா என்றே அழைப்பேன். கல்லைக் கட்டிய கயிற்றில் கால் வைத்து, விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அடித்தரையில் ஒரு நிமிஷ நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் திரட்டி, கயிற்றை அசைத்து மேலே ஏறி வரும் அவருடைய வித்தையை நான் பக்தியோடு கேட்டுக்கொண்டிருப்பேன். இழுப்பு வந்து தணிந்திருந்த ஒரு மாலையில், கரையில் இழுத்துப் போட்ட தோணியின் நிழலில் அவரருகே உட்கார்ந்து, தண்ணீருக்குள் போகும்போது எவ்வளவு மூச்சுப் பிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

“நெஞ்சு வெடிக்கிற மாதிரி இழுத்துக்கிட்டுப் போவக் கூடாது, தம்பி. வேணுங்கிற மட்டும் வாங்கினாப் போதும். மேல வந்ததும் மொதல்ல உள்ள கெடக்கிற காத்த முச்சூடும் ஊதித் தள்ளிரணும். பழைய காத்து போனாத்தான புதுக் காத்துக்கு எடம் கெடைக்கும்?”

இதைச் சொல்லிவிட்டு, சட்டையில்லாத என் மார்பைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

“ஒன் நெஞ்சப் பாரு, ரெண்டு விலாவும் தூக்கிக்கிட்டு நிக்கி. ஒனக்குக் காத்து பத்தாம இல்லல. காத்து உள்ள கூடிப்போச்சு. அது வெளிய போவ வழியில்லாமத்தான் நீ கெடந்து தவிக்க.”

என்னைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் பிள்ளைக்கு மூச்சு உள்ளே போகவில்லை என்றே அழுதுகொண்டிருந்தபோது, அந்த முத்துக்குளி மாமா ஒருவரே அதை மறுதலையாகக் கண்டார். அவர் சொன்னது சரீர சாஸ்திரத்துக்கு அணுவளவும் முரணானதன்று என்பதைக் கல்லூரிக் காலத்தில் எனக்குச் சிகிச்சை செய்த வைத்தியர் ஒருவர், காகிதத்தில் படம் வரைந்து, பொறுமையோடு விளக்கினார். அன்று நான் பெற்ற தெளிவை இயன்றவரை இங்கே எழுதுகிறேன்.

தொண்டையிலிருந்து கீழிறங்கும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, அவை மேலும் மேலும் பிரிந்து, ஏறத்தாழ இருபத்துமூன்று தலைமுறையாகக் கிளைத்து, முடிவில் சுமார் 30 கோடி நுண்ணறைகளில் போய்ச் சேர்கிறது. ரத்தத்தோடு காற்று கலப்பது அந்த அறைகளில். ஆஸ்துமா பெரும்பாலும் அந்த அறைகளைத் தொடுவதில்லை, அவற்றுக்குப் போகும் சிறு குழாய்களைத்தான் பிடிக்கிறது. பிறருக்கு ஒரு தீங்கும் செய்யாத மகரந்தமோ, தூசிப்பூச்சியின் கழிவோ, பூஞ்சையோ உள்ளே போனதும், அதைப் பகையென்று கருதும் சரீரம் போருக்கெழுகிறது. இந்தப் பகையுணர்ச்சிக்குக் கருவியான ஐ.ஜி.ஈ. என்னும் புரதத்தை, அமெரிக்காவில் பணிபுரிந்த ஜப்பானியத் தம்பதியரான இஷிஸாக்காக்கள் 1966இல் கண்டறிந்தார்கள். அந்தப் போரில் மூன்று காரியங்கள் ஒருங்கே நிகழ்கின்றன: குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவரின் தோல் வீங்குகிறது, பிசின் போன்ற சளி சுரந்து துவாரத்தை அடைக்கிறது. குழாயின் விட்டம் பாதியானால் காற்றின் ஓட்டத்துக்குள்ள தடை இரு மடங்காகும் என்றுதான் நாம் நினைப்போம். சீரான ஓட்டத்துக்குரிய பௌதிக விதிப்படி அது பதினாறு மடங்காகிறது. மூச்சுக்குழாயில் ஏற்படும் மயிரிழைச் சுருக்கமும் மனிதனை எழவொட்டாமல் அடிப்பது இதனாலேதான்.

இனி, மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பு விரிகிறது. விரியும் நுரையீரல் தன்னுள்ளிருக்கும் குழாய்களையும் இழுத்துச் சற்றே அகலப்படுத்துகிறது. ஆகவே எப்படியோ காற்று உள்ளே நுழைந்துவிடும். வெளிவிடும்போதோ எல்லாம் ஒடுங்குகின்றன. ஏற்கெனவே குறுகிய குழாய்கள் மேலும் குறுகி, காற்று முழுதும் வெளியேறுமுன்னரே மூடிக்கொள்கின்றன. அந்த விசில் சப்தம் பெரும்பாலும் வெளிமூச்சிலேயே கேட்பதும், வெளிமூச்சு நீண்டுகொண்டே போவதும் இதனால்தான். ஒவ்வொரு மூச்சிலும் சிறிது சிறிதாகப் பழைய காற்று உள்ளேயே தங்கிவிடத் தங்கிவிட, மார்பு உப்பி நின்றுவிடுகிறது. குவிந்திருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகி வலுவிழக்கிறது. நிறைந்த குடத்தில் நீர் வார்ப்பதுபோல, மேலும் இழுக்க இழுக்க ஒன்றும் ஏறுவதில்லை. அப்போது கழுத்துத் தசைகளும் விலாவிடைத் தசைகளும் துணைக்கு வந்து உழைத்து ஓய்கின்றன. காற்றுப் பசி என்று நோயாளி உணர்வது, உண்மையில் காற்று மிகுதியால் வந்த நெருக்கடி.

முத்துக் குளிப்பவருக்கு நேர்வது இதற்கு நேர்மாறானது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காவதால், அவர் நெஞ்சிலுள்ள காற்று பாதி அளவாகச் சுருங்குகிறது. மேலே வந்ததும் பழையபடி விரிகிறது. ஒரே ஊதலில் அதை வெளித்தள்ளிவிட்டு அவர் மறுமூச்சு வாங்குகிறார். அவருடைய குழாய்கள் திறந்திருக்கின்றன. மாமாவுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்; அதை அவர் தம் தொழிலின் கண்ணாலே பார்த்துவிட்டார்.

இதை அறிந்துகொண்டதனால் வியாதி போய்விடவில்லை; ஆனால் பயம் பெருமளவு குறைந்தது. பதறி அவசர அவசரமாக இழுத்தால், வெளிவிட அவகாசமின்றி இன்னும் அதிகக் காற்று சிறைப்படும். உதட்டைக் குவித்து மெல்ல நீள ஊதினால், குழாய்கள் மூடிக்கொள்ளாமல் சற்று நேரம் திறந்திருக்கும். மருந்து வந்து சேரும் வரையில் தாக்குப்பிடிக்க இது எனக்கு எத்தனையோ இரவுகளில் கைகொடுத்தது. மருந்துக்கு இது ஒருநாளும் பதிலாகாது.

அந்நாளைய மருந்துகள் கடுமையானவை. அட்ரினலின் ஊசி போட்டால் இரைப்பு அடங்கும், இதயம் தொண்டைக்கு வந்து அடிக்கும். எபிட்ரின் மாத்திரை விழுங்கினால் கை நடுங்கி, பேனா பிடிக்க முடியாது. 1956இல் அமெரிக்காவில் மருந்தை அளந்து பீய்ச்சும் சிறு குப்பி விற்பனைக்கு வந்ததும், 1969இல் சால்புட்டமால் வந்ததும், 1972இல் பெக்ளோமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டை உள்ளிழுக்கும் வடிவில் தந்ததும் இந்த வியாதியின் சரித்திரத்தில் மூன்று பெரும் சம்பவங்கள். இவற்றுள் மூன்றாவதே தலையாயது என்பது என் திடமான அபிப்பிராயம். சால்புட்டமால் இறுகிய தசையைத் தளர்த்துகிறது, அவ்வளவே. வீக்கத்தின்மேல் அதற்கு அதிகாரமில்லை. இழுப்பு இல்லாத நாட்களிலும், நோயாளி சிரித்துப் பேசித் திரியும் நாட்களிலும், குழாயின் உட்சுவரில் அந்த வீக்கம் தணலாக இருந்துகொண்டே இருக்கிறது; அதைத் தணிப்பதில் முதன்மையானது தினந்தோறும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டே.

அப்படியிருந்தும், நம் மக்களிடையே இந்தக் குப்பியின்மீது இருக்கும் அச்சத்தைப் பார்க்கும்போது என் மனம் வேதனைப்படுகிறது. 'அதைத் தொட்டால் விடாது', 'அது கடைசி வைத்தியம்', 'பெண்பிள்ளை கையில் அதைப் பார்த்தால் சம்பந்தம் பேச வரமாட்டார்கள்' என்றெல்லாம் சொல்லி, மாத்திரையை மட்டும் கொடுத்துக் காலங்கடத்துகிறார்கள். சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கிறது. குப்பியின் ஓர் அழுத்தத்தில் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது அதன் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை ரத்தமெங்கும் சுற்றி இதயத்தையும் கையையும் ஆட்டிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. குப்பி மருந்து நேரே போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. இதில் எதைக் கண்டு அஞ்ச வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019இல் உலகில் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அவ்வாண்டில் அதனால் இறந்தவர்கள் 4,55,000 பேர். அந்த மரணங்களில் மிகப் பெரும்பாலானவை, நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து கிடைப்பதும் அரிதாக இருக்கும் ஏழை நாடுகளில் நிகழ்ந்தவை.

ஊரும் மாறிவிட்டது. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் கரையோரமே வந்து நிலக்கரியையும் உரத்தையும் இறக்குகின்றன. பழைய கிட்டங்கிகள் பலவும் இடிந்துபோயின. சீமைக்கருவேல் எங்கும் பரவி, தன் மகரந்தத்தாலும், அதைக் கரியாக எரிக்கும் மூட்டங்களின் புகையாலும் இரு வகையில் நெஞ்சைத் தொடுகிறது.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். அவள் மகனுக்கு மாலையிலிருந்து இழுப்பு; இப்போது சப்தம் நின்று அடங்கிவிட்டதாகவும், பையன் அசந்து தூங்குவதாகவும் அவள் மாமியார் ஆறுதல் சொல்வதாகக் கூறினாள்; ஆனாலும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. போய்ப் பார்த்தேன். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கிக்கொண்டிருந்தது. உதட்டில் நீலம் பாரித்திருந்தது. பெயரைக் கேட்டால் ஒரு சொல் முழுதாக வரவில்லை. விசில் கேட்க வேண்டுமானால் குழாயில் காற்று ஓட வேண்டும். ஓடாதபோது நெஞ்சு மௌனமாகிவிடும். அது நோய் தணிந்த அமைதியன்று, தசைகள் ஓய்ந்துபோன நிலை. ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏறப் பிள்ளை மயக்கமாகிறான், அதையே தூக்கமென்று நினைத்துவிடுகிறோம். குப்பி மருந்தைக் கொடுத்துக்கொண்டே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிராணவாயுவும், ஆவியாக்கிய மருந்தும், ஸ்டீராய்டு ஊசியும் கொடுத்து, விடியும்போது அவன் மீண்டும் விசிலடிக்கத் தொடங்கினான். அதைக் கேட்டு அவன் பாட்டி அழுதாள், காற்று திரும்ப ஓடத் தொடங்கியதன் அறிகுறி அது என்று நான் அவளுக்குச் சொன்னேன்.

இப்போது பையன் பள்ளிக்கூடம் போய்வருகிறான். “இழுப்பே இல்லியே பெரியப்பா, தெனமும் இழுக்குற மருந்த நிறுத்திரலாமா?” என்று அவன் தாய் கேட்டாள். இழுப்பு இல்லாதது அந்த மருந்தினால்தான் என்றேன். குறைப்பதா, கூட்டுவதா என்பதை அடுத்த மாதம் வைத்தியர் குழலில் ஊதச் சொல்லி, வெளிமூச்சின் வேகத்தை அளந்து பார்த்துச் சொல்லட்டும்; அதுவரை காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, மருந்து இழுத்ததும் வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்பச் சொல் என்றேன்.